கையெழுத்தின் சாவி

சென்ற ஆண்டு ஒரு பதிப்பகத்தாரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். "பேனா வேண்டாம் சார், டிஜிட்டல் கையொப்பம் போதும்" என்றார் அவர்களுடைய குமாஸ்தா. அடையாளச் சீட்டுகளைக் கொடுத்து, காமிராவின் முன் முகத்தையும் காட்டிய பிறகு, விரல் நீளத்தில் ஒரு டோக்கன் வந்து சேர்ந்தது. அதைக் கணினியில் செருகி, வேர்டில் ஒப்பந்தத்தைத் திறந்து, ரகசிய எண்ணைத் தட்டிக் கையொப்பமிட்டேன். பிறகு விளையாட்டாக ஒரு காற்புள்ளியை மாற்றப் பார்த்தேன். திருத்தினால் கையொப்பம் நீங்கிவிடும் என்று எச்சரித்தது இயந்திரம்!

அந்த எச்சரிக்கை எனக்கு முற்றிலும் புதிதாகப் படவில்லை. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் 31 ஏடுகள். அத்தனையையும் கோத்து ஒரு வளையம். வளையத்தின் மூட்டில் புலியும் மீனும் வில்லும் பொறித்த சோழ முத்திரை. நடுவே ஓர் ஏட்டை உருவவோ நுழைக்கவோ வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும். எழுதியவர் யார் என்பதோடு, எழுதியது மாறவில்லை என்பதற்கும் முத்திரை சாட்சி சொன்னது.

காகிதமும் பேனாவும் வந்தபின் முதல் சாட்சி மட்டும் நின்றது. இரண்டாவது சாட்சியைக் கணிதம் மீட்டுக்கொடுத்தது. 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு யோசனையை வெளியிட்டார்கள்: ஒருவனுக்கு இரண்டு சாவிகள், ஒன்று அவனுடைய ரகசியம், மற்றொன்று ஊருக்கெல்லாம் பொது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத் தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அந்தப் பெரும்பாடுதான் பூட்டு. பத்திரத்தின் சாரத்தை ஒரு சிறு எண்ணாக்கி ரகசியச் சாவியால் முத்திரையிட்டால், பொதுச் சாவி உள்ள எவரும் அதைச் சரிபார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு ஒத்துவராது.

இதே கணிதத்தை 1973-லேயே கிளிஃபர்ட் காக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டிருந்தார். அவர் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ரகசிய இலாகாவில் இருந்தவர். விஷயம் வெளியானது 1997-ல். தம் கண்டுபிடிப்பின்கீழ் தம் பெயரை எழுத அவர் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று!

ஆனால் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று யார் சொல்வது? 1978-ல் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் தம் ஆய்வேட்டில் வழி சொன்னார்: நம்பிக்கைக்குரிய ஒருவர் சான்றிதழ் தரட்டும். ஊருக்குக் கர்ணம் சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு அங்கீகாரம் தந்தது. நமக்கு நாமே சான்றிதழ் தயாரித்துக்கொள்ளவும் ஆபீஸ் மென்பொருளில் வழியுண்டு. நம் கணினிக்கு வெளியே அதை யார் நம்புவார்கள்? சான்று சொல்பவனே சறுக்குவதும் உண்டு. 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் கள்ளர் புகுந்து பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினார்கள். அவ்வாண்டே அது திவாலாயிற்று.

இத்தனை பூட்டுகளையும் தாண்டி ஒரு சந்து இருக்கிறது. என் கணக்குகளைப் பார்க்கிறவர், "டோக்கனும் எண்ணும் எங்களிடமே இருக்கட்டும் சார், எல்லாருமே அப்படித்தான்" என்றார். அவருடைய மேஜை அறையில், பெயர்ச் சீட்டு ஒட்டிய டோக்கன்கள் வரிசையாகக் கிடந்தன.

என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். தெரிந்தவர்தானே என்று வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் அவர். ஆற்றோரத்து வயல் போயிற்று. கையெழுத்து பொய்யில்லை, அதனால் கோர்ட்டிலும் வாதாட ஒன்றுமில்லை.

ரகசியச் சாவியைத் தன் வசம் வைத்துக் காப்பது கையொப்பமிடுகிறவன் கடமை என்று அந்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியப்பா அந்தப் பாடத்தைச் சட்டம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வயலை விலையாகக் கொடுத்துக் கற்றிருந்தார். டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.