கரும்பலகையும் கறுப்புத் திரையும்

இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும் அமெரிக்காவின் கான் அகாடமியையும் இந்தியாவின் என்பிடெலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேற்றுமைதான். 2004-இல் பாஸ்டனில் இருந்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் முளைத்தது ஒன்று. 1999-இல் யோசனையாகத் தொடங்கி, 2003-இல் மத்திய அரசின் நிதியோடு ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கைகோத்து நடத்தத் தொடங்கியது மற்றொன்று. அது ஒரு பிள்ளைக்காக வந்தது. இது ஒரு நாட்டுக்காக வந்தது.

ஆனாலும் இரண்டையும் பிறப்பித்த குறை ஒன்றே. நாடியா கணக்கில் மந்தமானவள் அல்ல. அலகு மாற்றம் என்ற ஒரே பாடம் பிடிபடாமல் போனதால் தேர்வில் பின்தங்கியவள். இந்தியாவில் தெருவுக்கொன்றாய்ப் பொறியியல் கல்லூரிகள் எழுந்த காலத்தில், மாணவர்களிடம் குறையில்லை. பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரு தாளை நடத்த ஆள் இல்லாமல் போனதே குறை. அங்கே ஒரு சிறுமியின் படிப்பில் விழுந்த ஓட்டை, இங்கே ஒரு கல்வி முறையிலேயே விழுந்த ஓட்டை. அடைக்க வந்த பொருளும் ஒன்றாகவே அமைந்தது: பலகையில் எழுதிக்கொண்டே பேசும் ஓர் ஆசிரியரின் பதிவு.

அந்தப் பதிவுகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கானின் தொடக்கக்காலக் காணொளியில் முகமே கிடையாது. கறுப்புத் திரையில் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகக் கோடுகள் ஓடும். கூடவே ஒரு குரல். யூடியூப் அன்று வைத்திருந்த வரம்புக்குள் அடங்கிய பத்து நிமிடம், அவ்வளவுதான். பேச்சுவாக்கில் ஒரு குறியைத் தவறாக எழுதிவிட்டால் பதிவை அழித்து எடுப்பதில்லை. மூலையில் சிறு திருத்தக் குறிப்பு ஒன்று பின்னால் ஒட்டப்படும். என்பிடெலின் பழைய பதிவுகளிலோ பேராசிரியர் முழு ஆளாக நிற்கிறார். பலகையை நிரப்புகிறார், அழிக்கிறார், திரும்பி, நமக்குத் தெரியாத மாணவர்களைப் பார்த்து “புரிகிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார், பதில் வராத அந்தச் சில நொடிகளும் பதிவாகிவிடுகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒரு பாடத்துக்கு அப்படி நாற்பது. வீட்டில் பிறந்தது ஆளை மறைத்துக் குரலை மட்டும் தந்தது. அரசுத் திட்டமாகப் பிறந்தது ஆளை அவருடைய கைப்பழக்கங்களோடு பத்திரப்படுத்தியது. நேர்மாறாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர்.

பாடங்களின் பரப்பிலும் இதே முரண். கணக்கில் தொடங்கிய கான், பிரெஞ்சுப் புரட்சியையும் 2008-இன் நிதி நெருக்கடியையும் தாமே நடத்தினார். எல்லாத் துறைக்கும் வெகுகாலம் ஒரே குரல். சிவில், மெக்கானிக்கல் முதலான ஐந்து பொறியியல் கிளைகளோடு தொடங்கிய என்பிடெல், இன்று தத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கர்நாடக இசை ரசனைக்கும் இடம் தருகிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் அத்துறையில் ஊறிய ஒருவர். கற்பவரோடு சேர்ந்து தானும் கண்டுபிடிக்கும் உற்சாகம் முன்னதில் உண்டு. பல்லாண்டு நடத்தித் தழும்பேறிய ஒருவருக்கே கைவரும் உறுதி பின்னதில் உண்டு. ஆழம் வேண்டுமென்றால் நான் பின்னதையே நாடுவேன்.

காணொளி மட்டும் போதாது என்பதை இரண்டுமே உணர்ந்தன. இலவசமாகக் கிடைப்பதை இலகுவாகக் கைவிடுகிறோம்; பிடித்து உட்காரவைக்க ஒரு பிடிமானம் தேவை. இந்த ஒப்பீட்டிலேயே சுவையான இடம், அந்தப் பிடிமானத்தை எங்கே வைப்பது என்பதில் இவை எதிரெதிராகப் பிரிந்ததுதான். கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதிய முழுத் தேர்ச்சிக் கோட்பாட்டைக் கான் அகாடமி தன் பயிற்சிக் கணக்குகளில் கொண்டுவந்தது: ஒரு படியில் தேறிய பிறகே அடுத்த படி, அதற்கு ஒரு நாள் ஆனாலும் ஒரு மாதம் ஆனாலும் சரி. 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்தும் என்பிடெல் நாள்காட்டியைப் பிடித்தது: நான்கு, எட்டு அல்லது பன்னிரண்டு வாரம், வாரந்தோறும் அசைன்மென்ட், கெடு தாண்டினால் தாண்டியதுதான். முடிவில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. ஆக, ஒன்றில் தேர்ச்சி மாறாது, காலம் நீளும்; மற்றதில் காலம் மாறாது, தேர்ச்சி நாற்பதிலிருந்து தொண்ணூறைத் தாண்டியும் விரியும்.

எது மேல்? பின்னங்களில் தடுமாறும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாள்காட்டி கொடுமை, காலந்தான் மருந்து. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கோ, கெடு இல்லையென்றால் மூன்றாம் வாரத்தோடு படிப்பு நின்றுவிடும்.

இலவசம் என்பதன் கணக்கும் வேறு வேறு. அங்கே நன்கொடை தாங்குகிறது. 2010-இல் கூகுள் தந்த 20 லட்சம் டாலர் அதில் பெரிய திருப்பம். இங்கே வரிப்பணம் தாங்குகிறது. பாடம் கேட்பதற்குக் காசு இல்லை, தேர்வு எழுத மட்டும் கட்டணம். அறிவுக்கு விலை வைக்காமல் அத்தாட்சிக்கு விலை வைத்த இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆசிரியரின் இடத்தை இவை பறித்துவிடும் என்ற அச்சம் இருந்தது. நடந்ததைப் பாருங்கள். கான் அகாடமி, எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் நின்றுவிட்டது என்பதைத் திரையில் காட்டி, வகுப்பாசிரியரை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. என்பிடெல் இன்னும் ஒரு படி போனது. அதன் படிப்புகளை ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ ஏற்றுக்கொண்டதால், கல்லூரி ஆசிரியர்களும் அதே அசைன்மென்ட்டைச் செய்து, அதே தேர்வை எழுதுகிறார்கள். ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நிற்கும் மாணவி, தனக்கு முன்னால் நிற்பவர் தன் துறை மேடம்தான் என்று கண்டுகொள்வது இன்று பல மையங்களில் நடக்கக்கூடியதே. இருவருக்கும் வினாத்தாள் ஒன்று, திருத்தும் முறையும் ஒன்று.