நான்கு சமூகங்கள் வழிபட்ட கட்டடம்

மோனிகா அலியின் ‘பிரிக் லேன்’ நாவலை எடுத்த இரவு நான் தூங்கவில்லை. 2003இல் வெளிவந்து புக்கர் இறுதிப் பட்டியல்வரை போன முதல் நாவல் அது. வங்கதேசக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு லண்டன் வரும் நஸ்னீன், அடுக்குமாடி வீட்டில் தையல் மிஷின் போட்டுக் கூலிக்குத் துணி தைக்கிறாள். அந்த மிஷின் சத்தம்தான் என்னை நாவலுக்குப் பெயர் தந்த லண்டன் தெருவின் பழங்கதைக்குள் இழுத்துப் போனது.

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற தெரு. 1685இல் பிரான்ஸ் மன்னர் வழிபாட்டுரிமையைப் பறித்ததும், ஹியூகனோ கிறிஸ்தவர்கள் ஓடிவந்து இந்தப் பகுதியில் பட்டு நெய்தார்கள். பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பிவந்த யூதர்கள் கோட்டு தைத்தார்கள். அப்புறம் வங்கதேசத்தின் சில்ஹெட்காரர்கள். வந்தவர்கள் மாறினார்கள், ஊசியும் நூலும் மாறவில்லை.

பிரிக் லேனில், ஃபூர்னியே தெரு முனையில் ஒரு செங்கல் கட்டடம். 1743இல் ஹியூகனோக்களின் தேவாலயம், 1819இல் மெத்தடிஸ்ட் கோயில், 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம், 1976இல் பள்ளிவாசல். சுவரின் உச்சியில் 1743 என்று பொறித்த சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது.

நாவலைப் படிக்கப்போகிறீர்களா? முதலில் இந்தக் கட்டடத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள்.