படம் எடுத்த பின்னும் குவியம் மாற்றலாம்: ஒளிப்புலக் கேமரா இயங்குவது எப்படி?

சாதாரண கேமராவின் உணரி, ஒரு புள்ளியில் விழும் ஒளியின் மொத்த அளவை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த ஒளி எத்திசையிலிருந்து வந்தது என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிடுகிறது. ஒளிப்புலக் கேமரா திசையையும் சேர்த்துப் பதிவு செய்வதால், படம் எடுத்த பின்னரும் குவியத்தை மாற்ற முடிகிறது. பொருள்களின் தொலைவைக் கணக்கிட்டு முப்பரிமாணக் காட்சியை உருவாக்கவும் முடிகிறது.

இதன் மூலக் கருத்தை பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் 1908-இல் முன்வைத்தார். 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரென் இங் குழுவினர், உணரியின் முன் 296-க்கு 296 என்ற வரிசையில் நுண்வில்லைகளைப் பொருத்தினர். சிக்கலும் இங்குதான் எழுந்தது. உணரியில் 1.6 கோடி பிக்சல்கள் இருந்தும், இறுதிப் படத்தில் கிடைத்தவை சுமார் 88 ஆயிரம் மட்டுமே. மற்றவை திசையைப் பதிவு செய்யவே செலவாகிவிட்டன.

மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கர், சென்னை ஐஐடியில் பயின்ற அசோக் வீரராகவன் உள்ளிட்டோர் 2007-இல் அமெரிக்காவில் மாற்று வழி ஒன்றை வெளியிட்டனர். நுண்வில்லைகளுக்குப் பதிலாக, நுண்ணிய கோலம் அச்சிட்ட படலத்தைக் கேமராவுக்குள் வைத்தனர். திசைத் தகவலைக் கணிதத்தின் மூலம் பிரித்தெடுத்தனர். குவியத்தில் உள்ள பகுதிகளின் துல்லியம் இம்முறையில் குறைவதில்லை. ஆனால் படலம் ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும்.

ரென் இங் தொடங்கிய லைட்ரோ நிறுவனம் 2012-இல் இவ்வகைக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2018-இல் மூடப்பட்டது.

முப்பரிமாணப் படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. லென்சின் விட்டத்துக்குள் நுழையும் கதிர்கள் மட்டுமே பதிவாகின்றன. எனவே காட்சியைப் பக்கவாட்டில் சற்றே எட்டிப் பார்க்கலாமே தவிர, பொருளின் பின்புறத்தைக் காண இயலாது.