ராச்செஸ்டர் ராம்ஜெட் எரிபொருள் உட்செலுத்தி

ராச்செஸ்டர் ராம்ஜெட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் 1965 வரையான மாதிரி ஆண்டுகளில் செவ்ரோலெட் கொர்வெட் விளையாட்டுத் தானுந்துகளுக்குக் கூடுதல் விலையில் அளித்த எரிபொருள் உட்செலுத்தித் தொகுதி ஆகும். இதனை அந்நிறுவனத்தின் பொறியாளர் ஜான் டோல்சா வடிவமைத்தார். கொர்வெட்டுக்கு ஏற்றவாறு இதனை மேம்படுத்தியதில் ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவுக்கும் பங்கு உண்டு. 1957இல் 283 கன அங்குலப் பொறி இதன் துணையுடன் 283 குதிரைத்திறன் தந்தது. 1964இல் 327 கன அங்குலப் பொறியில் இது 375 குதிரைத்திறனாக உயர்ந்தது.

இன்று பழைய கொர்வெட் ஒன்றின் மதிப்பு, அது ஆலையிலிருந்தே உட்செலுத்தியுடன் வெளிவந்ததா என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளது. ஆகவே சரியான தொகுதியை அடையாளம் காண்பது மீட்டமைப்பாளர்களிடையே ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது.

== செயற்படும் முறை ==

இத்தொகுதியில் மின்னணுவியல் எதுவும் இல்லை. காற்றுமானியின் குறுகிய கழுத்து வழியே காற்று விரையும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. இக்குறைவு ஒரு சிறு குழாய் வழியாக எரிபொருள்மானியில் உள்ள மென்தகட்டை அடைந்து, வழிவு அடைப்பிதழை இயக்குகிறது. மிகையான பெட்ரோல் கிண்ணத்துக்குத் திரும்ப, எஞ்சியது 8 நுண்துளைக் குழல்கள் வழியாக இடைவிடாமல் தெளிக்கப்படுகிறது. உயரழுத்த எக்கியை, தீப்பொறிப் பகிர்வியிலிருந்து வரும் வளையும் கம்பிவடம் சுழற்றுகிறது. எனவே உட்செலுத்திப் பொறியின் பகிர்வியில் இவ்வடத்துக்கென ஒரு கூடுதல் இணைப்பு இருக்கும். கார்பரேட்டர் பொறியின் பகிர்வியில் இது இராது.

== ஐயம் எழுவதன் காரணம் ==

1963இல் கட்டப்பட்ட 21,513 கொர்வெட்டுகளில் 2,610 மட்டுமே உட்செலுத்தி பெற்றவை. இவற்றைச் சீர்செய்யத் தெரிந்த பணிமனைகள் குறைவாக இருந்தமையால், பல உரிமையாளர்கள் தொகுதியைக் கழற்றி வைத்துவிட்டுக் கார்பரேட்டரைப் பொருத்திக்கொண்டனர். கழற்றப்பட்டவை பின்னர் கைமாறி வேறு வண்டிகளில் ஏறின. விலை உயர்ந்தபோது, முன்பு உட்செலுத்தியே இல்லாத வண்டிகளும் அதனைப் பெற்றன. அக்காலக் கொர்வெட்டின் வண்டி எண்ணில் பொறி வகை குறிக்கப்படுவதில்லை. அவ்வழக்கம் 1972இல்தான் தொடங்கியது. ஆகவே வண்டி எண்ணைக் கொண்டு மட்டும் எதையும் மெய்ப்பிக்க இயலாது.

== தொகுதியின் மாதிரி எண் ==

தொகுதியின் காற்றறையில் பொருத்தப்பட்ட சிறு தகட்டில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். 1957இன் தொடக்கத் தொகுதிகள் 7014360 என்ற எண்ணைத் தாங்கியவை. 7017360 என்பது 1962க்கும், 7017375 என்பது 1963க்கும், 7017380 என்பது 1964, 1965 ஆகிய ஆண்டுகளுக்கும் உரியன. இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு பல எண்களும் வழங்கின.

தகட்டைப் படிக்கும் முன் காற்றறையைப் பார்ப்பது நல்லது. 1963 முதல் அதன் மேல்மூடி தனியாகக் கழற்றக்கூடியது. அதற்கு முந்தையவற்றில் காற்றறை ஒரே வார்ப்பு. 1961ஆம் ஆண்டு வண்டியில் கழற்றும் மூடியுள்ள தொகுதி இருந்தால், தகடு எதைச் சொன்னாலும் அது பிற்காலத்தில் ஏறியதே. தகட்டை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம், புதிதாகவும் செய்யலாம். காற்றுமானியும் எரிபொருள்மானியும் தனித்தனியே கழலக்கூடியவை என்பதால், பல ஆண்டுகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கோத்த தொகுதிகளும் உள்ளன.

1957 முதல் 1959 வரை செவ்ரோலெட்டின் பயணியர் வண்டிகளுக்கும் இது அளிக்கப்பட்டது. பொறி ஒன்றே என்பதால் அவற்றின் தொகுதி கொர்வெட்டிலும் பொருந்தும். 1957இல் 630 மட்டுமே கட்டப்பட்ட போன்டியாக் பொன்னவில் வண்டியின் உட்செலுத்தி இவ்வாறு பொருந்தாது. அதன் பொறி வேறு.

== பொறியின் முத்திரை ==

தொகுதியின் தகட்டிலிருந்து 'இவ்வகைக்கு ஏற்றது' என்பதற்கு மேல் எதுவும் அறிய முடியாது. அவ்வண்டியுடனேயே பிறந்ததா என்பதற்கான வலுவான சான்று பொறியின் வலப்பக்க முன்மேடையில் உள்ளது. எடுத்துக்காட்டாக, எஃப்0312ஆர்எஃப் என்ற முத்திரையில் முதல் எழுத்து பிளின்ட் ஆலையையும், 0312 என்பது மார்ச் 12ஐயும், இறுதி ஈரெழுத்து உட்செலுத்திப் பொறியையும் குறிக்கும். 1957இன் 283 குதிரைத்திறன் பொறிக்கு ஈஎல் என்பதும், 1965க்கு எச்ஜி என்பதும், திரிதடையத் தீமூட்டல் இருப்பின் எச்எச் என்பதும் வழங்கின.

இம்முத்திரையில் ஆண்டு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆர்எஃப் என்பது 1962, 1963, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வந்துள்ளது. ஆண்டை அறியப் பொறிக்கட்டையின் பின்புற வார்ப்புத் தேதியை நாட வேண்டும். சி 4 3 என்பது 1963 மார்ச் 4. வார்ப்பு முந்தியும், பொறி கோத்தல் அடுத்தும், செயின்ட் லூயிஸ் ஆலையில் வண்டி முடிந்தது அதற்குப் பின்னும் அமைய வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் பொறி வேறிடத்தது. 1960களின் வண்டிகளில் வண்டி எண்ணின் பகுதியும் அதே மேடையில் பொறிக்கப்பட்டிருக்கும்.

முத்திரையும் போலியாக இருக்கலாம். ஆலையில் மேடையைச் செதுக்கிய கருவி நெருக்கமான இணைகோடுகளை விட்டுச் செல்லும். பழைய எழுத்தைத் தேய்த்து அழித்தால் இக்கோடுகளும் அழிந்துவிடும். அவற்றை மீண்டும் அவ்வாறே உருவாக்குவது கடினம்.

== தவறாக வழிநடத்தும் அடையாளங்கள் ==

பக்கத் தகட்டிலுள்ள 'எரிபொருள் உட்செலுத்தல்' சின்னம் சான்றாகாது. கடையில் வாங்கி ஒட்டலாம். சுழற்சிமானியில் 6500இல் தொடங்கும் சிவப்புக் கோடு, உயர்திறன் கார்பரேட்டர் பொறிக்கும் பொதுவானது. 461 என முடியும் எண்ணுள்ள உருளைத்தலைகளை 'உட்செலுத்தித் தலை' என்று அழைப்பர். பெயர்தான் அப்படி, கார்பரேட்டர் பொறிகளிலும் அவை ஏராளம்.

== உற்பத்தி முடிவு ==

1965இல் உட்செலுத்திப் பொறிக்குக் கூடுதல் விலை 538 டாலர். அதே ஆண்டு வந்த 396 கன அங்குலப் பெரும்பொறி 425 குதிரைத்திறனை 292.70 டாலருக்கே தந்தது. அவ்வாண்டு 771 பேர் மட்டுமே உட்செலுத்தியைத் தெரிந்தெடுத்தனர். அத்துடன் ராம்ஜெட் நிறுத்தப்பட்டது. கொர்வெட்டில் எரிபொருள் உட்செலுத்தல் மீண்டும் வந்தது 1982இல், மின்னணு வடிவில்.