ஈறு நோயும் நீரிழிவும்

பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவதை நீரிழிவு உள்ளவர்கள் அலட்சியம் செய்யலாகாது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது ஈறுகளில் தொற்று எளிதில் முற்றுகிறது. நாட்பட்ட ஈறு அழற்சியோ இன்சுலினின் செயற்பாட்டைக் குறைத்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்குக் கீழே படிந்த காரையை அகற்றுவதே முதற்கட்டச் சிகிச்சை. துலக்குவதால் மட்டும் அது போகாது. இச்சிகிச்சைக்குப் பின்னர் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

கனடாவில் பல் மருத்துவத்தின் பெரும்பகுதி பொது மருத்துவக் காப்புறுதிக்கு வெளியே இருப்பதால், வலி வரும்வரை தள்ளிப்போடுவோர் பலர். ஈறு நோயோ பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அங்கு 2023 டிசம்பரில் விண்ணப்பம் ஏற்கத் தொடங்கிய கூட்டாட்சி அரசின் பல் மருத்துவத் திட்டம், 2025இல் எல்லா வயதினருக்கும் விரிவாக்கப்பட்டது. பல் காப்புறுதி பெறும் வசதியற்ற, ஆண்டு நிகர வருமானம் 90,000 டாலருக்குக் குறைந்த குடும்பத்தினர், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால், விண்ணப்பிக்கலாம். காரை அகற்றலும் இதில் அடங்கும்.