டேட்டோனா கடற்கரையில் கார் ஓட்டலாம். வேகம் 16 கிலோமீட்டர்தான்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள டேட்டோனா கடற்கரையின் மணல் இறுகிக் கெட்டியாக இருக்கும். 1935-இல் மால்கம் கேம்பல் இங்கு மணிக்கு 445 கிலோமீட்டர் வேகத்தில் காரோட்டி உலகச் சாதனை படைத்தார்.

இன்று வொலூசியா வட்டார விதிப்படி, உச்ச வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். முன்விளக்குகள் எரிய வேண்டும். ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி இறக்கியிருக்க வேண்டும். காரோட்டும்போது குறுந்தகவல் அனுப்பத் தடை. 2010-இல் இவ்வட்டாரக் கடற்கரைகளில் 4 வயதுக் குழந்தைகள் இருவர் வாகனம் மோதி உயிரிழந்தனர்.

கடலாமைகள் முட்டையிடும் மே முதல் அக்டோபர் வரை, காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பொதுமக்களின் வாகனங்களுக்கு அனுமதி. வாகனங்கள் வருவதற்கு முன்பே ஊழியர்கள் கூடுகளைத் தேடி அடையாளமிடுகின்றனர். டயர் பள்ளத்தில் சிக்கும் ஆமைக் குஞ்சுகள் கடலை அடைவது கடினம்.