நீரிழிவுப் பாதப்புண்ணும் எலும்புத் தொற்றும்: மலையகம்

சீனி வருத்தத்தால் நரம்பு மரத்த பாதம் வலியை உணராது. ஈரமான கொழுந்து மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கும் பெண்ணுக்குத் தேயிலைக் குச்சி கிழித்தது, சீழ் வைத்த பிறகே தெரியவருகிறது. புண் ஆழமானால் எலும்பிலும் தொற்றிவிடும்.

மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் மெல்லச் செலுத்தும்போது கெட்டியாக எலும்பு தட்டுப்பட்டால், எலும்பில் தொற்று இருக்கலாம் என்று வைத்தியர் உஷாராகிறார். முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரே எதையும் காட்டாமல் போகலாம். அதை நம்பி லயத்துக்குத் திரும்புவது ஆபத்து.

எலும்பை அகற்றாமல் குணப்படுத்த ஏறத்தாழ 6 வாரம் அன்டிபயோடிக் தேவை என்கின்றன 2023 சர்வதேச வழிகாட்டுதல்கள். கூடவே அழுகிய சதை நீக்கம், இரத்த ஓட்டச் சோதனை, சீனிக் கட்டுப்பாடு, பாதத்துக்கு ஓய்வு. நாட்சம்பளக்காரருக்கு ஓய்வுதான் எல்லாவற்றிலும் கடினம்.

மலையகத்திலேயே வைத்தியசாலை உண்டு: டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. சீனி உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். சிறு புண்ணையும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.